மச்சினன் துப்பிய குழாய்

சோப்புக் கட்டியில் ஒரு சாவியை அழுத்தி அச்சு எடுத்தால் போதும், அந்த வீடு நம்முடையது. முப்பது வருஷமாகச் சாவி வெட்டுகிறவன் நான், எனக்கா தெரியாது? அதனால்தான் அண்ணன் இருந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் சின்னக் குழாயை நீட்டி, "இதுல கொஞ்சம் எச்சில் துப்பி அனுப்புங்க சார்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

அண்ணனுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனை உடம்பு கையாளுகிற விதம் மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறுமாம். சிலருக்கு அதனால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுமாம். கூடப் பிறந்தவனையும் பார்க்கணுமாம். பார்த்து? என் உடம்பின் சாவிக்கு அச்சு எடுத்து எவனிடம் விற்பார்களோ!

அண்ணன் கெஞ்சினான். குழாயை வாங்கி வந்து கடையில் மச்சினனிடம் நீட்டினேன். என் மனைவியின் தம்பி, ஐம்பத்தைந்து வயது, என்னிடம்தான் வேலை.

"துப்புடா மாப்ளே."

எதற்கென்றுகூடக் கேட்காமல் துப்பினான், மடையன். என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

அவன் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மணிக்கு இரண்டு தரம் கடையை விட்டு நழுவுவான். போகும்போது பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பான். யார் வீட்டுச் சாவிக்கோ நகல் வெட்டி வெளியே தள்ளுகிறானோ?

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். "பயப்படாதீங்க சார், நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல. வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது தொந்தரவு இருந்தா உடனே டாக்டரப் பாருங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்லா ஏமாந்தீங்க!

போனை வைக்கும்போதே மச்சினன் நழுவினான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பின்னாலேயே போனேன். தெருமுனைக் கட்டணக் கழிப்பறை வாசலில் நின்று, பாக்கெட்டிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தான். வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே போனவன் சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, வராத ஒன்றுக்காக ஐந்து நிமிடம் நின்றான்.

என் சிரிப்பு அப்போதுதான் செத்தது. அடப்பாவி, அது இவன் எச்சில்!

வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடலாம், விடுங்க" என்றான். பிறகு கவலையோடு என் தோளைத் தொட்டான். "அப்போ உங்களுக்கு இன்னும் யாருமே பாக்கலையா மாமா?"