காலிக் குழாய்

கோர்தோபா நகரத்தில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தெருவில் ஈ காக்கை இருக்காது. ஆய்வகத்திலும் அப்படித்தான், எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். நெலிடா மட்டும் போக மாட்டாள். அந்த நேரத்தில்தான் ஊலிசெஸின் குரல் கேட்கும்.

"கிழவி, காலிக் குழாயைப் பார்த்தியா?"

ஊலிசெஸ் செத்து எட்டு மாதம் ஆகிறது. பதினாறு வருஷம் ஒரே காந்தத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரே குடுவையில் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சியவர்கள் இருவரும். குடிதண்ணீரை வடிகட்டும் களிமண் பொடியில் ஒட்டிய ஃப்ளோரின் நஞ்சைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. பொடியைச் சுண்டுவிரல் நுனியளவுக் குழாயில் அடைத்து, காந்தத்துக்குள் சாய்த்துப் பம்பரமாகச் சுற்றவிட்டால், ஃப்ளோரின் அணுக்கள் திரையில் கோடு எழுப்பும். நஞ்சு தளர்வாகத் திரிந்தால் கோடு ஊசியாக நிற்கும். மண் அதை இறுகப் பிடித்திருந்தால் மேடாகப் பரந்து கிடக்கும்.

எதையும் அளக்குமுன் காலிக் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும்; பார்த்தவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கருவிக்குள்ளேயே ஃப்ளோரின் ஒளிந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். சலிப்பான வேலை. கடைசி முறை நெலிடா அதைச் செய்யவில்லை, கையெழுத்து மட்டும் போட்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்த ஊலிசெஸ் கண் மூடுமுன் முடிவைக் காட்டிவிட வேண்டுமென்ற அவசரம். கட்டிலருகே மேடு விழுந்த படத்தை நீட்டியபோது அவன் கேட்ட முதல் கேள்வி, காலிக் குழாயைப் பார்த்தியா என்பதுதான்.

"பார்த்தாச்சுப்பா," என்றாள்.

"அப்போ மண்ணு நஞ்ச நிஜமாவே பிடிச்சு வச்சிருக்கு. எத்தனை தடவ கழுவியும் விடல பாரு," என்று சிரித்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அந்த மேட்டை நம்பித்தான் போசோ டெல் சௌசே ஊரின் தண்ணீர்ச் சங்கம் அந்தக் களிமண்ணை வடிகட்டியில் போட்டது. மூன்று வருஷம் மாற்ற வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் நெலிடா.

இன்று காலையில் சங்கத் தலைவர் எலெயுத்தேரியோ போன் செய்தார்.

"டாக்டரம்மா, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துலயும் அதையே மாட்டப் போறோம். மாட்டிரலாம்ல?"

"சாயங்காலம் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

இப்போது மணி இரண்டு. குழாய் சுற்றும் விசில் சத்தத்துக்கு அடியில் மறுபடி அதே கேள்வி.

"சும்மா நச்சரிக்காத. பார்க்கிறேன்," என்று வாய்விட்டே சொன்னாள். குழாயைக் கழுவி உலர்த்தி, எதுவும் அடைக்காமல் மூடி போட்டு உள்ளே இறக்கினாள்.

திரையில் மேடு எழுந்தது. அதே இடம், அதே அகலம். குழாயில் ஒன்றுமில்லை, மேடு மட்டும் இருந்தது.

கருவியின் தலையைக் கழற்றினாள். கம்பிச் சுருளுக்கு அடியில், பைப் வேலைக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டெஃப்ளான் டேப். அது முழுக்க ஃப்ளோரின். இடது கைக்காரன் சுற்றிய திசை. அடுத்தவர் உரிக்க எளிதாக நுனி மடித்து விடப்பட்டிருந்தது. ஊலிசெஸ் எதையும் அப்படித்தான் மடிப்பான். ஆடிய கம்பியை அப்போதைக்கு நிறுத்தச் சுற்றியிருக்கிறான், பிறகு உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது. டேப் இன்னும் இருக்குமோ என்றுதான் கேட்டிருக்கிறான். பாவி, உண்மையாகவே கேட்டிருக்கிறான்.

டேப்பை உரித்துவிட்டு, கழுவிய களிமண்ணை வைத்துப் பார்த்தாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கழுவிய தண்ணீரோடு மண் நஞ்சு முழுவதையும் விட்டுவிட்டிருந்தது.

எலெயுத்தேரியோவைக் கூப்பிட்டாள். "மாட்டாதீங்க. ஊர்ல மாட்டினதையும் கழட்டிருங்க. அந்தத் தண்ணியக் குடிக்க வேணாம்."

"நாலு மாசமாக் குடிக்கிறோமே, டாக்டரம்மா."

"தெரியும்."

அவர் மெதுவாகக் கேட்டார். "அந்த இறந்துபோன சார் பண்ணின தப்பா?"

டேப் அவள் விரலில் சுற்றிக் கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. குரல் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"இல்லங்க. அவர் கேட்டார். பார்த்துட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவர் போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் யாரிடமோ, "அந்த டம்ளரக் கீழ வைம்மா," என்று சொல்வது மட்டும் கேட்டது.