முடிக்கப்படாத பதினேழாம் வரி

2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, அருங்காட்சியகத்தினுள் ஒருவரும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அப்போது உள்ளே இருவர் இருந்தனர்.

கணக்கைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன் என்று எவரும் சொல்ல முடியாது. அன்று கரையான் ஒழிப்பு. அடித்தளக் கிடங்கையும் அதன் நடைவழியையும் ஒட்டுநாடாவால் அடைத்து நச்சுப்புகை செலுத்த ஏற்பாடாகியிருந்தது. பார்வையாளர்கள் இரண்டரை மணிக்குள் வெளியேற வேண்டும். முன்வாசல் சுழல்கதவு, நாற்பத்து மூன்று பேர் வந்ததாகவும் நாற்பத்து மூன்று பேர் போனதாகவும் காட்டியது. வருகைப் பதிவேட்டில் ஊழியர் பத்தொன்பது பேர். நான் உட்படப் பத்தொன்பது பேரின் பெயருக்கு எதிரிலும் புறப்படும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. எண்கள் பிசகின்றிப் பொருந்தின.

ஆனால் சக்கர நாற்காலியில் வருவோர் சுழல்கதவு வழியே நுழைவதில்லை. முன்வாசலில் பதினான்கு படிகள். அவர்களைப் பின்புறமாக அடித்தளத்துக்கு அழைத்துவந்து, சிலைகளை ஏற்றும் சரக்கு லிஃப்டில் காட்சிக்கூடங்கள் உள்ள மேல்தளத்துக்குக் கொண்டுசெல்வது எங்கள் வழக்கம். அந்த லிஃப்டில் பதிவில்லாமல் எதுவும் நகரக் கூடாது. ஆகவே, அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான நாற்காலியின் எண்ணைப் பொருள் நகர்வுப் பதிவேட்டில் எழுதுவோம். அதில் அமர்ந்திருப்பவரை எழுத அங்கே இடமில்லை. அந்தப் பதிவேட்டுக்குக் கட்டம் வகுத்தவள் நான். இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே பதிவாளர்.

லிஃப்டை இயக்கியவர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய பெண். எல்லோருக்கும் அவர் லிஃப்டக்கா. ஒன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் வந்தவர். ஒப்பந்த ஊழியர் என்பதால் வருகைப் பதிவேட்டில் அவருக்கு வரி கிடையாது.

அன்று கரையான் பட்ட மரப்பொருள்கள் பதினாறை மேலிருந்து கிடங்குக்கு இறக்க வேண்டியிருந்தது. பொருள்கள் முதலில், மற்றவை பிறகு என்பது என் உத்தரவு. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர், கீழே இறங்குவதற்காக மேல்தளத்தில் காத்திருந்தார். அங்கே நடந்த பேச்சைப் பின்னர் அவரே எங்களிடம் சொன்னார்.

"என் முறை எப்பம்மா வரும்?"

"இன்னும் ரெண்டே ரெண்டு, டீச்சர். இந்த மரக்குதிரை, அப்புறம் ஒரு தொட்டில், அப்புறம் நீங்க."

"ஒடிஞ்ச தொட்டிலுக்கு அப்புறமா நான்? நான் இன்னும் ஒடியலையேம்மா!"

"கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஒரு கல் சிங்கத்தை இறக்கினேன். அதுகூட இத்தனை கேள்வி கேக்கலை."

"அதுக்கு வாய் இருந்திருந்தா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருக்கும்."

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் லிஃப்டக்கா மேல்தள உள்தொலைபேசியில் அழைத்தார். "சக்கர நாற்காலி ஒண்ணு இறங்குதுங்கம்மா." பொருள் நகர்வுப் பதிவேட்டின் பதினேழாம் வரியில் நாற்காலியின் எண்ணை எழுதினேன். மூன்று மணிக்குப் புகை போடுபவர் மின்சாரத்தை நிறுத்தினார். லிஃப்ட் இரு தளங்களுக்கு நடுவே நின்றது. அதன் அபாய மணியும் அதே மின்சாரத்தில் இயங்குவது.

கையொப்பமிட்ட பின் பதிவேடுகளை வெளி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டப் போனேன். பதினேழாம் வரியில் 'கீழே பெற்றது' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. வரியை முடிக்காமல் வீட்டுக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை. லிஃப்டக்காவைக் கண்டித்தே தீர்வது என்று பின்வாசலுக்குப் போனேன். அங்கே கதவு முழுதும் ஒட்டுநாடா. ஜெனரேட்டரில் ஓடிய காற்று இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. புகை போடுபவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நச்சுப்புகை உருளையருகே குந்தியிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு நாற்காலி கணக்குல வரலை."

"நாற்காலிதானே மேடம்? புகை பட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. மூணு நாள் கழிச்சுத் திறக்கும்போது எண்ணிக்குங்க."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. "சரி" என்று சொல்லித் திரும்பினேன். நான்கடி நடந்திருப்பேன். நாற்காலி தானாக உருண்டு லிஃப்டுக்குள் போயிருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

"திறக்காதீங்க! உள்ள ஆள் இருக்காங்க!"

"என்ன மேடம், விளையாடுறீங்களா? ஆள் இல்லைன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

அவருடைய கை வால்வின் மேல் இருந்தது.

"போட்டேன். அது தப்பு. அந்த மெஷினை நிறுத்துங்க."

இயந்திரம் ஓய்ந்ததும் சுவருக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. அதில் அவசரமில்லை, நெடுநேரம் தட்டிக் களைத்த கையின் ஓசை.

லிஃப்டின் கதவை நெம்பித் திறக்கையில் மணி நான்கு ஆகியிருந்தது. டீச்சரின் கையை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையில் செருப்புடன் லிஃப்டக்கா நின்றிருந்தார். செருப்பு இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஒரு மணி நேரமாத் தட்டுறேன். நான் உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியாதாம்மா?"

தெரியும். வரியை எழுதியது என் கை.

மார்ச் 20 அன்று, டீச்சரையும் அழைத்து, விசாரணைக் கூட்டம் கூடியது. புகை போடும் நாள்களில் சக்கர நாற்காலியில் வருவோரை அனுமதிக்காமல் விட்டால் போதும் என்றார் இயக்குநர்.

"அப்ப மத்த நாள்ல நான் மறுபடி சரக்கா?" என்று டீச்சர் கேட்டார். இயக்குநர் தம் பேனாவை மூடினார்.

முடிவு இது: முன்வாசலில் சரிவுப்பாதையும் ஆள் ஏறும் லிஃப்டும் அமையும்வரை மேல்தளத்துக்கு எவரையும் அனுமதிப்பதில்லை. ஒப்பந்த ஊழியர் அனைவரும் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவர். பொருள்களுக்கு முதலிடம் தந்த என் உத்தரவு நீக்கப்பட்டது. என் பணிக்குறிப்பில் கண்டனம் ஏறியது. அந்த லிஃப்டில் இனி ஏற மாட்டேன் என்று சொன்ன லிஃப்டக்காவுக்கு முன்வாசலில் பணி தரப்பட்டது. சரிவுப்பாதைக்கு மேலிடத்தின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. மேல்தளம் பூட்டியிருக்கிறது.