ஐந்து மணி வரைக்கும்

ராக்கம்மாள் அய்யாவின் வாயில் இரண்டாவது கரண்டிக் கஞ்சியை ஊற்றினாள். அதுவும் உள்ளே இறங்காமல் கடைவாயோரம் வழிந்து தலையணைக்குப் போனது. முந்தானையால் துடைத்துவிட்டு மூன்றாவது கரண்டியை மொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அய்யாவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கரண்டியைக் கும்பாவுக்குள் திரும்பப் போட்டாள்.

அழுகை தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் இரண்டு பேர், நடவை முடித்துவிட்டு வந்து ஓட்டைப் போடலாம், ஐந்து மணி வரைக்கும் பெட்டி இருக்குமாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். ராக்கம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வாய்க்கால்பட்டியில் பஞ்சாயத்து போர்டு எலெக்‌ஷன். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி சோணையம்மாள் மெம்பருக்கு நிற்கிறாள். சாவடியில் அவளுக்குப் பச்சைப் பெட்டி, பெரிய வீட்டுக்காரருக்குச் சிவப்புப் பெட்டி. ஒரு பொம்பளை, அதுவும் தாலியறுத்தவள், எதிர்த்து நிற்கிறாள் என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். ஒரு மாதமாக அந்தச் சிரிப்பைக் காணோம்.

சோணையம்மாள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. புருஷனோடு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவள், மலைக்காய்ச்சலுக்குப் புருஷனையும் பிள்ளையையும் ஒரே மாதத்தில் கொடுத்தாள். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் போனோமே என்ற ஆங்காரத்தில், அங்கேயே கம்பவுண்டரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டுதான் இறங்கி வந்தாள். அதன் பிறகு ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் உத்தமபாளையத்துக்கு நடந்து போய் மனுக் கொடுப்பதும், கொய்னா மாத்திரை வாங்கி வருவதும் அவள்தான். எந்தத் தெருக்காரரும் உள்ளே வந்து உட்காருகிற மாதிரி ஊருக்கு ஒரு மருந்துச்சாலை வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு.

வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. நிற்பதற்கும் அதே சட்டம். மாமனார் சின்னக்கருப்பு அரை ஏக்கர் தோட்டத்தை மருமகள் பேருக்கு எழுதிவைத்து அவளை வரி கட்டுகிறவளாக்கினார். பெற்ற பெண்கள் இரண்டு பேர் இருக்க மருமகளுக்கா என்று, போடியில் வாழ்க்கைப்பட்ட மூத்தவள் இருளம்மாள் இரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. இளையவள் ராக்கம்மாளுக்கும் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் படுக்கையில் விழுந்த அய்யாவுக்குப் பண்டுவம் பார்க்க வந்த இந்த மூன்று மாதத்தில், அய்யாவின் மலஜலத்தை மதினி முகம் சுளிக்காமல் அள்ளியதைப் பார்த்து அது கரைந்துபோனது.

தெரு முழுக்கப் பங்காளிகள். கேதம், ஒரு சாவு விழுந்துவிட்டது என்று தெரிந்தால் எல்லா வீட்டிலும் அடுப்பு அணையும். பிணத்தை எடுத்துக் குளிக்கிற வரைக்கும் ஒருவரும் தெருவைத் தாண்டமாட்டார்கள். இன்னும் இருபத்து மூன்று பேர் ஓட்டுப் போடப் போகவில்லை. ராக்கம்மாள் அய்யாவின் கண்களை மூடிவிட்டுப் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். எட்டிப் பார்த்து விசாரித்தவர்களிடம் தூங்குகிறார் என்று சொல்லி, ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருந்தாள். பெற்ற தகப்பன் செத்துக் கிடக்க மகள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கொடுமை யாருக்கும் வரவேண்டாம்.

உச்சிப்பொழுதுக்குச் சோணையம்மாள் சாவடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். மாமனாரின் காலைத் தொட்டவள் கையை எடுக்கவில்லை.

"எப்ப ராக்கு?"

"காலையில. கஞ்சி குடுக்கையில."

சோணையம்மாள் அந்தக் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவுக்குச் சொல்லிவிடலாம் என்றாள். ராக்கம்மாள் எழுந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னும் இருவத்திமூணு பேரு போகணும் மதினி. அஞ்சு மணி வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சாவ மறைச்சு, அவுகளத் தீட்டோட நடக்கவிட்டு ஓட்டு வாங்குறதுக்கு நான் எதுக்கு? அதுக்குப் பெரிய வீட்டுக்காரரே போதும்."

அவளே தெருவில் இறங்கிச் சொன்னாள். அடுப்புகள் அணைந்தன. பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். ராக்கம்மாளும் அழுதாள். ஆனால் காலையில் தொண்டைவரை வந்த அழுகை அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. போடிக்குக் கேதம் சொல்ல ஆள் பஸ் ஏறிப் போனான்.

சித்தப்பா மலைச்சாமி ராக்கம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். இருளம்மாள் வந்து சேர ஆறு மணி ஆகிவிடும். மகள் முகம் பார்க்காமல் எடுக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. இரண்டு மணிக்கு எடுத்தால், கொள்ளி வைத்துவிட்டு வாய்க்காலில் குளித்து, நாலரைக்குள் சாவடிக்குப் போய்விடலாம். ஆனால் அதை ஒரு மகள்தான் சொல்லலாம், பங்காளிகள் சொல்லக் கூடாது என்றார்.

"காத்திருப்போம் சின்ன மாமா. எலெக்‌ஷன் இன்னொருக்கா வரும்" என்றாள் சோணையம்மாள்.

ராக்கம்மாள் அய்யாவின் முகத்தைப் பார்த்தாள். கடைசி மூன்று நாளும் நினைவு வரும்போதெல்லாம் அவர் மூத்தவளைத்தான் கேட்டார்: இருளாயி வந்துட்டாளா? அது காதில் விழுந்தது ராக்கம்மாளுக்கு மட்டும்தான். மதினி ஓட்டுக்காகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தாள்.

"எடுங்க" என்றாள் ராக்கம்மாள்.

பதினேழு ஆண்கள் ஈர வேட்டியோடு சாவடி வாசலில் போய் நின்றார்கள். தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஆறு பெண்கள் பின்னால் நின்றார்கள். ஓட்டு நடத்த வந்திருந்த ஆபீசர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஈரத்துணியோடு ஓட்டுப் போடக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இருளம்மாள் வரும்போது வீடு மெழுகியாகிவிட்டது. அய்யாவின் தலை இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கையில், அய்யாவுக்குப் போர்த்தப் போடியில் வாங்கிய கோடி வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"யாரக் கேட்டு எடுத்தீக?"

"நாந்தேன் எடுக்கச் சொன்னேன்" என்று சோணையம்மாள் முன்னால் வந்தாள்.

"மதினி காத்திருக்கச் சொன்னாக. நாந்தேன் சொன்னேன், ஓட்டுக்காக" என்றாள் ராக்கம்மாள்.

இருளம்மாள் அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராக்கம்மாளும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அப்போது மலைச்சாமி வாசலில் வந்து நின்றார். கொட்டில்லை, கோஷமில்லை. உள்ளே வராமல், ஆறு ஓட்டு வித்தியாசத்தில் பச்சைப் பெட்டி ஜெயித்துவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னார். சோணையம்மாள் சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இருளம்மாள் விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அய்யா என்னையக் கேட்டாகளா?"

இல்லை என்று சொல்லிவிட ராக்கம்மாளுக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும். அக்காளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கலாம்.

"கேட்டாக. மூணு நாளா கேட்டாக."

இருளம்மாள் வேட்டியின் மடிப்பைப் பிரித்தாள். அய்யா கிடந்த இடத்தில், மெழுகின ஈரம் காயாத தரையில் அதை விரித்தாள். அய்யா நல்ல உயரம். வேட்டி கால்மாட்டில் சுருண்டுகொண்டு நின்றது.

"அந்த முனையப் பிடி" என்றாள்.

ராக்கம்மாள் குனிந்து பிடித்தாள். இரண்டு பேருமாகச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்கள்.