குற்றாலத்தில் ஒரு மணி நேரம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துபோனால், அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை, கோடி என்போம், வந்து அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கட்டிக்கொடுத்து நாற்பது வருசம் ஆகியிருக்கட்டும், பேரன் பேத்தி எடுத்திருக்கட்டும், கடைசிச் சேலை பிறந்த வீட்டுச் சேலைதான். என் அக்கா இராமலட்சுமிக்கு அதைப் போட வேண்டியவன் நான் ஒருத்தன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு கூடப்பிறந்தவர்களும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு அக்காள் மகள் ஸ்ரீமதி போன் பண்ணினாள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் மாமா என்றாள். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அக்கா வீடு செங்கோட்டை தாண்டிப் புளியரையில், மலையடிவாரத்தில். அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு இராகுகாலம் ஆரம்பம், அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்த வீட்டு வாசலை மிதித்து ஆறு வருசம் ஆகியிருந்தது. ஸ்ரீமதி கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை அத்தானுடைய தம்பி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். தாய்மாமன் பெயரை எங்கே போட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மண்டப வாசலில் சீர்த்தட்டை வைத்துவிட்டு, இலையில் கை நனைக்காமல் திரும்பி வந்தவன் நான். அக்கா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் கூப்பிடுவாள். போனை என் மனைவி உமாதேவியிடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். கடைசியில், தம்பி பக்கத்திலேதான் இருக்கானா என்று அக்கா கேட்பாளாம். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

தெரிந்த ஜவுளிக்கடைக்காரரை எழுப்பிக் கடையைத் திறக்க வைத்தேன். இருந்ததிலேயே உசத்தியான பட்டாக, அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்டது ஒன்றை எடுத்தேன். அத்தான் வீட்டுக்காரர்கள் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும் என்பதுதான் அப்போதும் என் நினைப்பு. உமாதேவி வாடகைக் காரில் போய்விடலாம் என்றாள். நமக்கு வண்டி இல்லையா என்று கேட்டேன். வாங்கி ஐந்து மாதம்தான் ஆன எலெக்ட்ரிக் கார். முந்தின இரவு சார்ஜ் போட மறந்திருந்தேன், அறுபத்திரண்டு சதவீதம்தான் இருந்தது. வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறரைக்குக் கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலை ஓட்டலில் வேகச் சார்ஜர் காலியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் எண்பதுக்கு ஏறியது. எண்பதுக்கு மேல் எந்த வண்டியிலும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். அதனால் எண்பது வந்ததும் கழற்றிக்கொண்டு அடுத்த வண்டிக்கு இடம் விடுவது ஒரு மரியாதை. இந்த ஐந்து மாதத்தில் அந்த மரியாதையை நான் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அடுத்து ராஜபாளையத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டால் புளியரைக்குத் தாராளமாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ராஜபாளையத்தில் சார்ஜர் இருப்பதாகப் போனில் இருந்த ஆப் பச்சை காட்டியது. நேரில் போனால் மெஷின் செத்துக் கிடந்தது. உதவி எண்ணில் ஒரு பெண் நிதானமாக, மெஷினை அணைத்துப் போடுங்கள் சார் என்றாள். அணைந்து கிடப்பதை எப்படியம்மா அணைப்பது என்று கத்தினேன். இருபது நிமிசம் போனதுதான் மிச்சம். அங்கிருந்து ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரிக்குப் பின்னால் லாரியாக ஓட்டினேன். கடையநல்லூர் தாண்டியதும் சாரல் உள்ளே அடித்தது. உமாதேவி சேலைப் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தென்காசி வந்தபோது ஏழு சதவீதம் இருந்தது. பக்கத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சார்ஜர் இருப்பதாக ஆப் சொன்னது. சீசன் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். வண்டியில் நாலு சதவீதம்.

சார்ஜரில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. திரையில் தொண்ணூற்று மூன்று. ஆளைக் காணோம். கண்ணாடிக்கு உள்ளே போன் நம்பர் எழுதிய அட்டை இருந்தது. கூப்பிட்டேன். போன் அந்தக் காருக்குள்ளேயே அடித்தது. அருவிக்குக் குளிக்கப் போகிறவன் போனைக் கொண்டுபோவானா? எண்ணெய் தேய்த்துக்கொண்டு குடும்பத்தோடு பேரருவிக்குப் போயிருக்கிறார், இன்றைக்கு வரிசையில்தான் விடுகிறார்கள், வர நேரமாகும் என்றார் லாட்ஜ் வாட்ச்மேன். வண்டிக்காரன் திறக்காமல், வண்டியில் செருகியிருக்கிற அந்தச் சார்ஜர் கன்னைப் பிடுங்கவும் முடியாது, வண்டியோடு பூட்டிக்கொண்டுவிடும். நான் இழுத்துப் பார்த்தேன். ஒரு எத்து எத்தினேன். வாட்ச்மேன் முறைத்தார்.

லாட்ஜ் வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், பெயர் சொரிமுத்து என்று பிறகு தெரிந்தது. உமாதேவி அவரிடம் விசயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் உடனே சீட்டைத் துடைத்தார்.

"ஏறுங்க அண்ணாச்சி. அரை மணி நேரத்துல புளியரைல எறக்கி விட்டுருதேன். காரு இங்கனயே கெடக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

அந்த ஆட்டோவில் ஏறியிருந்தால் நாலு மணிக்கு முன்னால் போயிருப்பேன். அது எனக்கு அப்போதே தெரியும், தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆறு வருசம் கழித்து அந்த வாசலில், பிறந்த வீட்டுக் கோடியோடு ஆட்டோவில் போய் இறங்குவதா? அத்தானின் தம்பி நடையில் நின்று பார்ப்பான். வண்டி எங்கே என்று கேட்பான். சார்ஜ் இல்லாமல் வழியில் கிடக்கிறது என்று சொன்னால் ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டுவிட்டது. வேண்டாம் என்றேன். உமாதேவி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு வெள்ளைக் கார்க்காரர் வந்தார். தலையில் ஈரத் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில், பின்னால் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். நான் பாய்ந்து போய், எண்பதுக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறீரே, மனுசன்தானா நீர் என்று கேட்டேன். உமாதேவி நடுவில் புகுந்து, இவர் அக்கா இறந்துட்டாவ என்றாள்.  அந்த மனிதர் ஈரத்தோடு குனிந்து கன்னைக் கழற்றி என் கையில் கொடுத்து, மன்னிச்சிருங்க, நூறு ஆகட்டும்னு விட்டுட்டேன் என்றார்.

என் வண்டியில் மாட்டினேன். நாலு, ஏழு, பத்து என்று மளமளவென்று ஏறியது. புளியரைக்குப் பத்து போதும். பதினைந்து வந்தபோது உமாதேவி, போதும் கிளம்புங்க என்றாள். அப்போது ஸ்ரீமதி கூப்பிட்டாள். மணி நாலு.

"மாமா, எங்கன வந்துக்கிட்டிருக்கிய? நாலரைக்கு முன்னால எடுக்கணும்னு அப்பா சொல்லுதாவ."

"நான் கோடி போடாம எப்படி எடுப்பாரு உங்கப்பா?" என்றேன்.

 சரி மாமா என்று அவள் போனை வைத்தாள்.

நான் கன்னைக் கழற்றவில்லை. முப்பது ஆகட்டும் என்றேன். சுடுகாட்டுக்குப் போக வேண்டும், திரும்ப வேண்டும், அந்த வீட்டு முன்னால் வண்டி படுத்துவிடக்கூடாது என்று உமாதேவியிடம் காரணம் அடுக்கினேன். அது காரணமே இல்லை. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எண் ஏறிக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் அங்கே போகாமல் இருக்கலாம், அதுதான் உண்மை. உமாதேவி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மழைத்தூறலில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலேகாலுக்கு முப்பது வந்தது.

செங்கோட்டையை எப்படித் தாண்டினேன் என்று நினைவில்லை. புளியரையில் அக்கா வீட்டுத் தெருவில் திரும்பியபோது மணி நாலே முக்கால். வாசலில் பந்தல் இருந்தது, பெஞ்சில் ஆள் இல்லை. தெருவில் பொரி சிதறிக் கிடந்தது. இரண்டு பெண்கள் தண்ணீர் ஊற்றி நடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உமாதேவி கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு, மதினி என்று அழுதபடி உள்ளே ஓடினாள்.

நான் பையோடு நின்றேன். எனக்குத் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தலைமுடி ஈரமாக ஸ்ரீமதி வெளியே வந்தாள். கோடி போடாமலா எடுத்தீர்கள், என் அக்கா என்ன அநாதையா என்று கேட்டேன். கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்துப் முன்கூடமான பட்டாசாலைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதிய மாமா. கோடி போட்டாச்சு. உங்க பேர்லதான் போட்டோம்."

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். மூன்று வருசத்துக்கு முன்னால் அக்காவுக்கு நெஞ்சில் ஆபரேசன் நடந்தது. அது எனக்கும் தெரியும், உமாதேவி மட்டும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முந்தின நாள் அக்கா தானே தென்காசிக்குப் போய் ஒரு சேலை எடுத்து வந்து, மஞ்சளும் குங்குமமும் சேர்த்துப் பொதிந்து பீரோவில் வைத்திருக்கிறாள். மகளையும் அத்தானையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். அக்கா சொன்னதை ஸ்ரீமதி அப்படியே சொன்னாள்.

"தம்பி வந்தா அவன் கொண்டு வாரதப் போடுங்க. வரலன்னா இதப் போட்டு, அவன்தான் குடுத்து விட்டான்னு சொல்லிருங்க. அவன ஊருல யாரும் ஒரு சொல் சொல்லப்பிடாதுன்னு அம்மா சொன்னா மாமா. நாலு மணிக்கு உங்ககிட்ட பேசிட்டு நாந்தான் பீரோவத் திறந்தேன். அப்பா பத்து நிமிசம் பாப்போம், பத்து நிமிசம் பாப்போம்னு நாலே இருபது வரைக்கும் எடுக்க விடல."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. எத்தனை வருசமாக நான் போடாத சத்தம் அது. ஸ்ரீமதிதான் எழுப்பி, போங்க மாமா, அப்பா தனியா இருக்காவ என்றாள்.

சுடுகாடு ஓடைக்கரையில். நான் போனபோது சிதை நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அத்தானே கொள்ளி வைத்திருந்தார். ஓடையில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். மகாதேவ அத்தான் என்றால் நல்ல உயரமான, நெஞ்சு நிமிர்ந்த மனிதர். அன்றைக்கு ஒரு கைப்பிடி ஆளாக இருந்தார். அவருடைய தம்பியும், ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காலில் விழுந்துவிடலாம் என்றுதான் அவர் முன்னால் போனேன். விழ விடாமல் அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"வா மாப்ள. நீ குடுத்து விட்ட சேலை உங்க அக்காளுக்கு அவ்வளவு நல்லா இருந்துது."

கூட்டத்தில் ஒருவர், ஆமா தம்பி, மகராசியா போனா என்றார். அத்தானின் தம்பிகூடத் தலையாட்டினான். ஆறு வருசம் கழித்து அத்தனை பேர் முன்னால் என் பெயர் மேலே வந்துவிட்டது. அத்தான் அப்போது என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.