குறைகளை இங்கே தெரிவிக்கவும்

1

படிப்பவரே, இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அக்கா அங்கே மடிக்கணினியில் ஒற்றை வரியை முறைத்துக்கொண்டிருந்தாள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் கையேட்டைப் பேணுபவள் அவள். ‘குறைகளை இங்கே தெரிவிக்கவும்’ என்ற வரியின் இணைப்பு, குழு கைவிட்ட பழைய பக்கத்துக்குப் போயிற்று. புதிய பக்கத்துக்குத் திருப்பினால் வேலை முடிந்தது.

“ஒரு வரிக்கா இவ்வளவு நேரம்?” என்றேன்.

“நீ முதல் வரிய எத்தனை தடவ கிழிச்சுப் போடுவே? சும்மா இருடா.”

(கிழித்த முதல் வரி: ‘புரட்சிகள் தெருவில் தொடங்குவதில்லை, அவை…’ மேடைகளில் பேசிப் பேசி வந்த பழக்கம்.)

2

அவளைத் தடுத்தது ஒரு வியப்பு. ஆளில்லாப் பழைய பக்கத்தில், ‘திருகாணி’ என்னும் புனைபெயர்க்காரர் ஒவ்வொரு முறையீட்டுக்கும் விடையளித்துக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டில் 2.5 என்பதிலிருந்த புள்ளியை மென்பொருள் விழுங்கி, இரண்டரை மில்லியை இருபத்தைந்து என்று வாசித்ததாக ஒருவர் பதறியிருந்தார். திருகாணியின் விடை: “ஒவ்வொரு எழுத்தா வாசிக்கச் சொல்லுங்க. சரிபண்றவங்க யாரும் இங்க எட்டிப் பாக்கறதில்ல.”

யார் இவர்? (குழுவோடு கோபித்துக்கொண்டு வெளியேறியவர் என்று ஒரு பத்தி எழுதினேன். அக்கா சிரித்தாள். பத்தி போயிற்று.)

அக்கா அந்தப் பக்கத்திலேயே அவரிடம் கேட்டேவிட்டாள்: “புதுப் பக்கத்துக்கு வாங்களேன்?”

“வந்தேங்க. நான் மனுஷன்தான்னு நிரூபிக்க, படத்துல சைக்கிள் எங்கன்னு காட்டச் சொல்லுது. அது தெரிஞ்சா உங்க மென்பொருள் எனக்கு எதுக்கு?”

3

அவையோரே! (மன்னிக்கவும், படிப்பவரே!) பார்வையற்றோருக்கென்று கட்டிய வீட்டில், பார்வையுள்ளோர் மட்டுமே தட்டக்கூடிய கதவு! முறையிடும் உரிமையைக் காகிதத்தில் வழங்கிவிட்டு…

(இவ்வாக்கியத்தை முடிக்கமாட்டேன். முடித்தால் கைதட்டல் கிடைக்கும், கதவு திறக்காது.)

4

ஒரு முடிவு: இணைப்பை மாற்றலாம்; கேட்போர் இருப்பர், சொல்வோர் நுழைய இயலாது. இன்னொன்று: விட்டுவிடலாம், சொல்வோர் நுழைவர், கேட்போர் இல்லை.

அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. இணைப்பை அப்படியே விட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘புதிய பக்கத்தின் படச் சோதனை நீங்கும்வரை, திருத்துவோர் நாள்தோறும் இந்தப் பழைய பக்கத்துக்கு வந்து வாசிக்க வேண்டும்.’

“ஒத்துக்குவாங்களா அக்கா?”

“சம்பளமில்லாம உழைக்கிறவங்கடா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. ஆனா நடக்க முடிஞ்சவங்கதானே நடந்து வரணும்?”

அத்திருத்தம் இப்போது ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. ஒப்புதல் தரவேண்டியவரின் இருக்கையில் நான் எவரையும் படைக்கவில்லை; உங்களுக்காகவே காலியாக விட்டிருக்கிறேன். ஏற்கலாம், மறுக்கலாம். விரைந்து சொல்லுங்கள்: எங்கோ ஒரு வீட்டில், புள்ளி விழுங்கப்படுவதை அறியாத ஒருவர், மருந்துச் சீட்டை வாசிக்கச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.