தோளுக்குள் ஒரு துண்டு

கத்தரிக்கோல் மறுபடியும் கையிலிருந்து நழுவி விழுந்த அன்றுதான் குணலட்சுமிக்கு வலிப்பு வந்தது. கொக்குவிலில் வீட்டோடு தையல் கடை வைத்திருந்தவள், வெட்டிக்கொண்டிருந்த துணியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சி.டி. ஸ்கானில் மூளையின் இடப்பக்கம் ஏதோ நிழல் தெரிந்தது. அது கட்டியா, கட்டியென்றால் எப்படிப்பட்டது என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் சொல்லலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கும் ஆரணி அறை வாசலிலேயே கேட்டாள். "அன்ரி, உடம்புக்குள்ளை இரும்பு ஏதும் கிடக்கோ? ஒப்பரேசனிலை வைச்சது, ஷெல் துண்டு, அப்பிடி?"

"இல்லைப் பிள்ளை."

பொய். இரண்டாயிரமாம் ஆண்டு போருக்குத் தப்பிச் சாவகச்சேரியை விட்டு ஓடியபோது பட்ட ஷெல் குண்டின் துண்டொன்று அவளுடைய வலத் தோளுக்குள் இன்னும் கிடந்தது. சொன்னால் ஸ்கான் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். என்ன நோயென்று தெரியாமல் இன்னும் எத்தனை நாள் கிடப்பது?

"இவவுக்குத் தோளிலை ஷெல் துண்டு கிடக்கு, தங்கச்சி," என்றான் பின்னால் நின்ற கணவன் முகுந்தன்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "உங்களை ஆர் கேட்டது?"

"கேக்காட்டிலும் சொல்லத்தானே வேணும். உது பெரிய காந்தமாம். உள்ளை கிடக்கிறதை இழுத்துதெண்டால்?"

ஆரணி கோபிக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினாள். படத்தை வெகுநேரம் பார்த்தார் டொக்டர் சிமியோன்.

"கண்ணுக்குக் கிட்டக் கிடந்திருந்தால் விடமாட்டன். இது தசைக்குள்ளை இறுகிப்போய்க் கிடக்கு. ஸ்கான் எடுக்கலாம். சுட்டாலோ இழுத்தாலோ உடனை கையிலை தாற பந்தை அமத்துங்கோ, நிப்பாட்டுவம்."

தலையைக் கூடுபோல ஒன்றுக்குள் பூட்டி அவளை உள்ளே தள்ளினார்கள். தகரத்தில் அடிப்பதுபோலச் சத்தம் தொடங்கியது. சற்று நேரத்தில் தோள் சூடாகிற மாதிரி இருந்தது. துண்டு அசைகிறதோ? பந்தை அமுக்கிவிட்டாள்.

ஆரணி அவளை வெளியே இழுத்துத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். டொக்டரும் வந்து பார்த்தார்.

"சூடும் இல்லை, வீக்கமும் இல்லை. வேண்டாமெண்டால் விடுவம்."

பயம்தான் சுட்டதோ என்னவோ, அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "எடுங்கோ."

பின்னேரம் டொக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"கட்டிதான். ஆனால் மூளைக்குள்ளை இல்லை. மூளையை மூடியிருக்கிற சவ்விலை வளர்ந்து மூளையை அமத்துது. இப்பிடியானது கனக்கப் பேருக்குப் புற்றுநோயாய் இருக்கிறதில்லை. வெட்டியெடுத்துச் சோதிச்சால்தான் உறுதியாய்ச் சொல்லலாம்."

"தலையைத் திறக்க வேணுமோ?"

"ஓம் அம்மா."

வெளியே வந்ததும் முகுந்தன் கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் கண்டதில்லை. பக்கத்தில் அமர்ந்து அவன் முதுகைத் தடவினாள்.

"எழும்புங்கோ, ஒப்பரேசனுக்கு நாள் கேப்பம்," என்றாள்.