சுவருக்கு முன்னால் இண்டிகேட்டர்

நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பவன் மனித இனத்தைச் சேர்ந்தவன் அல்ல. இது லிப்ட்காரரின் முடிவு. வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. பல ஆண்டுகள் யோசித்து, எதிர்த்தரப்பையும் விசாரித்த பிறகு அறிவித்தது. சக்கரம் உருள்வதற்காக உண்டானது, உருளாத சக்கரத்தின்மேல் உட்காருகிறவன் பயணி அல்ல, பாரம் என்பது இதிலிருந்து கிளைத்த அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு.

எதிர்த்தரப்பு என்பது ஒரே ஒரு ஆள், அவருடைய அக்கா வீட்டுக்காரர்.

அத்தானிடம் பழைய வீட்டு வண்டி ஒன்று இருந்தது. உள்ளேயே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, மடக்கு மேஜை எல்லாம் வைத்துக் கட்டியது; போகிற இடத்திலெல்லாம் குடியிருந்துகொள்ளலாம். யாரோ பாதி ஆயுளுக்கு ஓட்டி அனுபவித்துவிட்டுத் தள்ளிவிட்டதை அத்தான் ஆசையாக வாங்கிவந்து, வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டுக்குள் மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். அதோடு சரி. காலப்போக்கில் இன்ஜின் உறைந்தது, டயர்கள் மூச்சை விட்டுத் தரையோடு அப்பிக்கொண்டன. பேட்டரிக்கு மட்டும் அத்தான் தவறாமல் சார்ஜ் போடுவார். காரணம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு சாயங்காலம் அக்காவும் அவரும் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவார்கள். முன்சீட்டுகளில் பக்கம் பக்கமாக உட்கார்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை எட்டுகிற தூரத்தில் சுவர். சுவரில் ஓர் ஏணியும் வெடித்துப்போன சைக்கிள் டியூபும் தொங்கும். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"இடதா, வலதா?"

அக்கா டீயை ஊதியபடி யோசிப்பாள். "இடது."

அத்தான் இடப்பக்க இண்டிகேட்டரைப் போடுவார். டிக், டிக், டிக். சற்று நேரம் கழித்து, திருப்பம் முடிந்துவிட்டதாகக் கருதி அணைப்பார்.

பின்னால் மடக்கு மேஜையில் உட்கார்ந்து தன் பங்கு டீயைக் குடித்துக்கொண்டிருக்கும் லிப்ட்காரர் இதைக் கண்டிப்பார்.

"அத்தான், சுவத்துக்கு எதுக்கு இண்டிகேட்டர்? ஒதுங்கி வழி விடப்போகுதா?"

"பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல மாப்ளே."

"எது, போற பழக்கமா, போகாத பழக்கமா?"

"பின்னாடி உக்காந்து பேசாத மாப்ளே. டிரைவருக்குக் கவனம் சிதறுது."

அக்கா சிரிப்பை டம்ளருக்குள் வைத்துக்கொள்வாள். அதே நிற்கிற வண்டியில்தான் லிப்ட்காரரும் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருந்தார் என்பது உண்மைதான். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் பார்வையாளர்.

அவரோ சதா இயங்குகிற மனிதர். அடுக்குமாடிகளின் லிப்ட்களைப் பழுதுபார்ப்பது தொழில். வாழ்நாளில் அவர் கடந்த தூரத்தில் பெரும்பகுதி செங்குத்தானது. அவர் குடியிருந்த நாலாவது மாடி ஒற்றை அறைக்கு மட்டும் லிப்ட் கிடையாது. அக்கா கொண்டுவந்த வரன்களை எல்லாம், "நான் ஒரு இடத்துல நிக்கிற ஆள் இல்லக்கா" என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டு, அந்த அறையிலேயே நரைத்துப்போனார். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் போவதற்கு ஒரு வீடு. அங்கே அத்தானைக் கண்டிக்கிற கடமை. வாழ்க்கை நிறைவாகத்தான் இருந்தது.

ஒரு வேலை நாளின் மத்தியானம், மருந்துக்கடையில் மீதிச் சில்லறைக்காகக் கையை நீட்டியபடியே அத்தான் சரிந்து விழுந்தார். எங்கேயும் கிளம்பாதவர் கிளம்பிவிட்டார், இண்டிகேட்டர் எதுவும் போடாமல்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா மகள் பேச்சை எடுத்தாள். அவள் இருப்பது தூரத்து நகரத்தில், ஒன்பதாவது மாடியில்.

"அம்மா, இங்க தனியா என்ன பண்ணுவே? எங்கூட வந்துடு."

அக்கா வெகுநேரம் புடவை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். "வரேன். ஆனா அந்த வண்டியிலதான் வருவேன்."

எல்லோரும் ஷெட் இருந்த திசையைப் பார்த்தார்கள். வரமாட்டேன் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். லிப்ட்காரர் எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

"நான் ஓட்டிக் காட்டறேன். ரெண்டே மாசம். அத்தான் மாதிரி சுவத்தப் பாத்து உக்காந்திருக்கிற ஆள் இல்ல நான்."

"மாமா, நெஜமாவா?"

"சக்கரம் எதுக்கும்மா இருக்கு?"

நாலு மாடி ஏறி, அறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டபோதுதான் தான் செய்த காரியம் அவருக்கு விளங்கியது. வண்டி ஓடினால் அக்கா போய்விடுவாள். அக்கா போனால் ஞாயிறு போய்விடும். அதை ஓடவைக்கிற வேலையை அவரே, யாரும் கேட்காமல், சபையில் எழுந்து நின்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆனாலும் வேலை என்று இறங்கிவிட்டால் அவருக்குக் கை நிற்காது. முதல் ஞாயிறு வண்டியின் தரை விரிப்பைக் கிழித்தார். ஜன்னலோரப் பிளைவுட் ஊறவைத்த ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. கூரைத் தகடுகளின் இணைப்பில் இற்றுப்போயிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பசை வைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உளுத்த சட்டங்களை அறுத்தெடுத்து, புதுச் சட்டம் வைத்துத் திருகினார். ஜன்னல் ரப்பரை மாற்றினார். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து இன்ஜினை இறக்கி ஏற்றினார். கூரையில் சோலார் பலகையும், புழுக்கம் வெளியேற மூடி போட்ட காற்றாடியும் வைத்தார். மஞ்சள் குண்டு பல்புகள் போய் வெள்ளை விளக்குகள் வந்தன.

அக்கா தன் பழைய இடத்தில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், உட்கார்ந்து ஸ்குரூக்களைத் தாம்பாளத்தில் இனம் பிரித்துப் போடுவாள். அதிகம் பேசமாட்டாள். டீ மட்டும் நேரத்துக்கு வரும். பழக்கதோஷத்தில் மூன்று டம்ளர் எடுத்துவருவாள். மூன்றாவதில் லிப்ட்காரர் ஸ்குரூ போட்டுவைப்பார்.

டேஷ்போர்டைக் கழற்றி ஒயர்களை மாற்றும்போது இண்டிகேட்டரின் சிறிய பெட்டி கையில் வந்தது. தீப்பெட்டி அளவு. அந்த டிக், டிக் இதிலிருந்துதான் வருகிறது.

"இதத் தூக்கிப் போட்டுடலாம்க்கா. இப்ப வர்றதெல்லாம் சத்தமே போடாது."

அக்கா ஸ்குரூ பொறுக்குவதை நிறுத்தினாள். "போடட்டும். என்ன இப்போ."

"சுவத்துக்குக் காது கேக்காதுக்கா."

"சுவத்துக்காகவா போட்டாரு?"

லிப்ட்காரர் அதைத் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினார்.

கடைசியாக அடிப்பக்கம். வண்டியைத் தாங்குகிற, தொய்ந்துபோன வில் பட்டைகளைக் கழற்றி, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டினார். டயர்க்காரர் வந்து நாலு புது டயரும் போட்டுக் காற்றை நிரப்பினார். வண்டி நிமிர்ந்து நின்றது. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு, அக்கா மகளுக்கும் போன் போட்டுவிட்டு, வெளியே எடுக்க நாள் குறித்தார்கள்.

அன்று லிப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சாவியைத் திருப்பினார், இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ரிவர்ஸ் கியர் போட்டு மெதுவாகப் பின்னால் எடுத்தார். பாதி வண்டி வெளியே வந்திருக்கும். தலைக்கு மேல் டமாரென்று ஒரு சத்தம்.

கூரைக் காற்றாடியின் மூடி ஷெட் வாசலின் இரும்பு உத்தரத்தில் போய் முட்டியிருந்தது. உள்ளே வந்தபோது குட்டையாக இருந்த வண்டி வளர்ந்துவிட்டது. இரண்டு விரல் அகலம்.

லிப்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரல் வைத்து அளந்தே காலம் தள்ளிய மனிதர், ஏணியில் ஏறி நின்று அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீழே ஒரு சத்தம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் போனதிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"இதப் பாக்க அந்த மனுஷன் இல்லாமப் போயிட்டாரேடா."

லிப்ட்காரர் வண்டியை மறுபடி உள்ளே தள்ளி நிறுத்தினார். "உத்தரத்த ஒசத்தணும்க்கா. லேசுப்பட்ட வேலை இல்ல. நாளாகும்."

"ஆகட்டும்," என்றாள் அக்கா. மகளுக்கு அவளே போன் செய்து, உத்தரத்தைப் பற்றி விவரமாகச் சொன்னாள்.

மறுநாள் டயர்க்காரர் விசாரித்தார். "என்னண்ணே, வண்டி முட்டிக்கிச்சாமே? காத்தக் கொஞ்சம் எறக்கிட்டு எடுங்க. வெளிய வந்ததும் ஏத்திக்கலாம்."

"தெரியும்ப்பா," என்றார் லிப்ட்காரர். தெரியும். ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன்பே தெரியும்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் உத்தரத்தைத் தொடவே இல்லை. டேப்பை நீட்டி அளந்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, வண்டிக்குள் புகுந்துகொள்வார். அலமாரிக் கீல்களை மாற்றினார். பிறகு மாற்றிய கீல்களை மாற்றினார். தண்ணீர்க் குழாய் இடப்பக்கம் இருப்பதைவிட வலப்பக்கம் இருப்பது நல்லது என்று கண்டுபிடித்தார். அடுத்த வாரம் இடப்பக்கமே மேல் என்று தெளிந்தார். அக்காவும் எதுவும் கேட்கவில்லை. டீ வந்தது. ஸ்குரூக்கள் தீர்ந்துபோனதால் தாம்பாளத்தில் அவரைக்காயை வைத்து ஆய்ந்தாள். ஷெட்டுக்குள் சாயங்கால வெயில் வந்து, ஏணியின் நிழலைச் சுவரில் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகும்.

அப்படி ஒரு சாயங்காலம், அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"டயர்ல காத்த எறக்குனா வண்டி வெளிய வந்துடும்லடா?"

லிப்ட்காரர் கீல் ஸ்குரூவை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்தது. "உனக்கு எப்பக்கா தோணிச்சு?"

"அன்னிக்கே. தூணப் புடிச்சிக்கிட்டு சிரிச்சேன் பாரு, அப்பவே."

"சொல்லவே இல்ல."

"நீ சொன்னியா?"

அவர் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டார்.

"புள்ள போன்ல அழறாடா. நான் வர விரும்பலன்னு நெனச்சிட்டா," என்றாள் அக்கா. ஆய்ந்த காயைத் தாம்பாளத்தில் ஓரமாக ஒதுக்கினாள். "போகலாம். போதும்."

அடுத்த ஞாயிறு காற்றை இறக்கினார்கள். வண்டி கீழே உட்கார்ந்து, உத்தரத்துக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். மறுபடி காற்றை ஏற்றிக்கொண்டு மகள் ஊருக்குக் கிளம்பினார்கள். வழியில் அக்கா ஒவ்வொரு முக்கிலும், போர்டைப் படிக்காமலேயே, "இடது", "வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பலமுறை தப்பு. லிப்ட்காரர் அவள் சொன்ன பக்கமே திரும்பி, பிறகு சுற்றிக்கொண்டு வந்தார். அவளுடைய கணக்கில் இத்தனை ஆண்டுகள் எல்லாத் திருப்பமும் சரியாகத்தான் இருந்தது.

மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். காலையில் அவரை வழியனுப்ப அக்கா கீழே வந்தாள். வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"விக்கிற வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைல என்னடா பண்ணுவே?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? வண்டி இருக்கு, ரோடு இருக்கு. ஒரு ஊர் பாக்கி வைக்க மாட்டேன்."

"சாப்பிட்டுட்டு சுத்து."

அவள் லிப்டுக்குள் போய்த் திரும்பி நின்றாள். கதவு சற்றே தேய்ந்த ரோலரில் உரசிக்கொண்டு மூடியதை லிப்ட்காரரின் காது குறித்துக்கொண்டது. கதவுக்கு மேலே அம்புக்குறி எரிந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை. மேலே.

திரும்பும் வழியில் நிறைய முக்குகள் வந்தன. எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம், கேட்பதற்கு ஆளில்லை. கடல் இருக்கிற திசையைக் காட்டிய பலகைக்கு அடியில் வண்டியை ஓரங்கட்டி, அதை முழுதாக இரண்டு தரம் படித்துவிட்டு, நேராக வீட்டுக்கே வந்தார். நாலாவது மாடிக்கு அல்ல. அக்கா வீட்டுக்கு.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் வாசலில் நின்ற வண்டியின் டயர்களில் காற்றை இறக்கினார். இந்த முறை அளந்து பார்த்தார். ஷெட்டுக்குள், மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஏணி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியின் அடுப்பிலேயே டீ போட்டார். தன் வழக்கமான இடத்தில், மடக்கு மேஜையில், உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு முன்சீட்டுகளின் முதுகும் தெரிந்தது. கண்டிப்பதற்கு எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னால் போய், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் தாம்பாளம் இருந்தது. அதை எடுத்து டேஷ்போர்டின்மேல் வைத்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, எவ்வளவு நேரம் காத்திருப்பது மரியாதையோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

பிறகு இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார்.

டிக், டிக், டிக். திருப்பம் நீளமாக இருந்தது. அவர் அணைக்கவில்லை.